தண்ணீருக்கடியில் படம் எடுக்கக் கேமரா வாங்குமுன்: இராமநாதபுரம் கடலுக்கு எது சரிப்படும்

மண்டபத்துக்கும் கீழக்கரைக்கும் நடுவில் உள்ள கரையில் மூன்று வருடமாகக் கேமராவோடு தண்ணீரில் இறங்கிக்கொண்டிருக்கிறேன். முதல் ஒன்றரை வருடத்தில் வாங்கிய சாமான்களில் பாதியை இப்போது தொடுவதே இல்லை. ஒரு கேமரா உப்புத் தண்ணீர் புகுந்து செத்தே போனது. நான் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டதெல்லாம் மாலத்தீவு, அந்தமான் மாதிரி கண்ணாடித் தண்ணீரில் இறங்குகிறவர்கள் சொன்னது. அவர்கள் சொன்னது தப்பில்லை, அவர்கள் கடலுக்கு அது சரி. நம் கடல் வேறு. இங்கே பவளப்பாறைகள் பெரும்பாலும் ஆறு மீட்டருக்குள்ளேயே இருக்கின்றன, தண்ணீர் நீலமாக இல்லாமல் பச்சையாக இருக்கும், அடியில் மண்ணும் தாழையும் (கடல்புல்) கிடப்பதால் லேசாகக் காற்றடித்தாலே கலங்கிவிடும். இந்தத் தண்ணீருக்கு என்ன வேண்டுமோ அதை மட்டும் வாங்கினால் செலவில் பாதி மிச்சம். புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்காக, நான் தடுக்கி விழுந்த இடங்களை வரிசையாக எழுதுகிறேன்.

1. முதலில் மாதத்தைப் பாருங்கள்

கேமரா வாங்கப் பணம் கையில் இருக்கிறது என்பதற்காக உடனே வாங்காதீர்கள். நம் ஊரில் இரண்டு கடல். தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக் நீரிணைப் பக்கம். ஆண்கடல், பெண்கடல் என்று பெரியவர்கள் சொல்வது இவற்றைத்தான். மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை கச்சான் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும்போது தென்கடல் கொந்தளித்துக் கிடக்கும், வடகடல் ஓரளவு அமைதியாக இருக்கும். அக்டோபர், நவம்பருக்குப் பிறகு வாடைக்காற்று திரும்பிவிட்டால் அப்படியே தலைகீழ். மார்ச், ஏப்ரலில் இரண்டுக்கும் நடுவே காற்று ஓய்ந்திருக்கும், புதியவர்களுக்கு அதுதான் நல்ல காலம்.

நான் ஜூன் மாதத்தில் கேமராவை வாங்கிக்கொண்டு நேரே தென்கடலுக்குப் போனேன். பதினைந்து நாளில் ஒரு நாள்கூட உருப்படியாக இறங்க முடியவில்லை. பொருளை மாற்றிக்கொள்ளக் கடைக்காரர் கொடுத்திருந்த நாளும் அதற்குள் தீர்ந்துவிட்டது. ஜனவரி கடைசியில் வாங்கி, பிப்ரவரியில் வீட்டில் சோதித்து, மார்ச்சில் கடலுக்குக் கொண்டுபோவது மாதிரித் திட்டமிடுங்கள்.

நாளைத் தேர்ந்தெடுக்கக் கைப்பேசியில் காற்று வேகம் பார்த்தால் மட்டும் போதாது. கரையில் பாசி எடுக்கப் போகும் பெண்களிடம் கேளுங்கள். தினமும் கண்ணாடி போட்டுத் தண்ணீருக்குள் பார்க்கிறவர்கள் அவர்கள்தான். "தண்ணி பாலாட்டம் கெடக்கு தம்பி, இன்னைக்கு ஒண்ணும் தெரியாது" என்று ஓர் அக்கா சொன்ன நாளில் நான் கேட்காமல் இறங்கினேன். எடுத்த இருநூறு படத்தில் ஒன்றுகூடத் தேறவில்லை. இப்போதெல்லாம் அவர்களைக் கேட்காமல் பையைத் திறப்பதே இல்லை.

2. கேமராவுக்கு முன் மாஸ்க், அதற்கும் முன் நீச்சல்

நீச்சல் தெரியாவிட்டால் இந்தக் கட்டுரையை மூடி வைத்துவிட்டு முதலில் அதைக் கற்றுக்கொள்ளுங்கள். கையில் கேமரா இருந்தால் ஒரு கை போய்விடும், கவனமும் போய்விடும். முகத்துக்குச் சரியாகப் பொருந்தும் சிலிக்கான் மாஸ்க், முகத்தைத் தண்ணீரில் வைத்தபடி மூச்சு விடும் குழாயான ஸ்நார்க்கல் இரண்டும் சேர்த்து இரண்டாயிரத்திலிருந்து ஐயாயிரத்துக்குள் கிடைக்கும். வாரை மாட்டாமல் முகத்தில் வைத்து, மூக்கால் மூச்சை உள்ளிழுத்துப் பாருங்கள். கையை எடுத்த பிறகும் ஒட்டி நின்றால் அது உங்கள் மாஸ்க். முழு முகத்தையும் மூடும் மாஸ்க் வேண்டாம், அதைப் போட்டுக்கொண்டு மூழ்க முடியாது.

சொறி மீன் (ஜெல்லி மீன்) மேலே படாமல் இருக்க முழுக்கைச் சட்டையும் கால்வரை மூடும் உடையும் போட்டுக்கொள்ளுங்கள். வெயிலுக்கும் அதுதான் பாதுகாப்பு.

3. எந்தக் கேமரா

பிளாஸ்டிக் பையில் போட்ட கைப்பேசி வேண்டாம். தொடுதிரை தண்ணீருக்குள் வேலை செய்யாது. கைப்பேசி தண்ணீர் தாங்கும் என்று கம்பெனி சொல்வது நன்னீருக்கு, உப்புத் தண்ணீருக்கு இல்லை. அந்த வாசகத்தை வாரண்டி அட்டையில் தேடிப் படித்துப் பாருங்கள்.

ஆக்‌ஷன் கேமரா: கோப்ரோ ஹீரோ பிளாக் வரிசை, ஹவுசிங் (கேமராவை உள்ளே வைத்து மூடும் தண்ணீர் புகாத கூடு) இல்லாமலே பத்து மீட்டர் தாங்கும். டிஜேஐ ஆக்‌ஷன் 4 பதினெட்டு மீட்டர், ஆக்‌ஷன் 5 புரோ இருபது மீட்டர். நம் ஆழத்துக்கு இதுவே தாராளம், ஹவுசிங்கே தேவையில்லை. மாடலைப் பொறுத்து ஏறக்குறைய இருபத்தைந்திலிருந்து நாற்பத்தைந்து ஆயிரம் ஆகும். வீடியோவுக்கு அருமை, மீன் கூட்டம், தாழைப் படுகை, பாறையின் பரப்பு எல்லாம் நன்றாக வரும். ஆனால் சின்ன உயிர்களுக்கு உதவாது. லென்ஸ் அகலமானது, ஒரு முழத்துக்குள் வந்த பொருளைப் பல மாடல்கள் கூர்மையாகக் காட்டாது. வண்ணாத்தி மீனைத் துரத்தித் துரத்தி நான் எடுத்த படங்களில் மீன் ஒரு மஞ்சள் புள்ளியாகத்தான் இருக்கிறது.

தண்ணீர் தாங்கும் சிறு கேமரா: புதியவர்களுக்கு என் வாக்கு இதற்குத்தான். ஒலிம்பஸ் டஃப் டிஜி-6, அதற்குப் பின் 2023-ல் ஓஎம் சிஸ்டம் பெயரில் வந்த டிஜி-7, இரண்டும் ஹவுசிங் இல்லாமல் பதினைந்து மீட்டர் போகும். மைக்ரோஸ்கோப் மோடில் லென்ஸிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தூரத்தில் இருப்பதையும் பிடிக்கும். கேமரா திருத்தாத மூலப் படமான ரா கோப்பாகச் சேமிக்கும், அதனால் பச்சை நிறத்தைப் பிறகு சரிசெய்யலாம். நம் கலங்கல் தண்ணீரில் தூரத்துக் காட்சி எப்படியும் வராது, கிட்டே போய் எடுப்பதுதான் வழி. கிட்டே போய் எடுக்க இதைவிடச் சுலபமான கருவி எனக்குக் கிடைக்கவில்லை. ஐம்பதாயிரத்தை ஒட்டிச் செலவாகும். பழையதாக வாங்கினால் குறையும், ஆனால் பேட்டரிக் கதவின் ரப்பரை வெளிச்சத்தில் வைத்து ஒரு சுற்று முழுக்கப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள். விற்கிறவர் "ஒரே ஒரு தடவைதான் தண்ணீரில் போட்டேன்" என்று சொன்னாலும் பாருங்கள்.

மிரர்லெஸ் கேமராவும் ஹவுசிங்கும்: முதல் வருடத்தில் வேண்டவே வேண்டாம். பாலிகார்பனேட் ஹவுசிங் ஐம்பது அறுபது ஆயிரத்தில் ஆரம்பிக்கும், அலுமினியம் ஒன்றரை லட்சத்துக்கு மேல். அதற்கு மேல், ஹவுசிங்கில் லென்ஸுக்கு எதிரே மாட்டும் கண்ணாடி முகப்பான போர்ட் தனி விலை. தட்டைக் கண்ணாடி போர்ட் போட்டால் தண்ணீரில் ஒளி வளைவதால் லென்ஸின் பார்வை குறுகிவிடும், எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். அகலக் காட்சிக்கு அரைக்கோளமாகக் குவிந்த டோம் போர்ட் வேண்டும். நான் இதைத் தெரிந்துகொள்ளாமல் அகல லென்ஸுக்குத் தட்டை போர்ட் வாங்கி, வாங்கிய நோக்கமே கெட்டுப்போனது. இன்னொன்று, ஹவுசிங் ஒரே ஒரு கேமரா மாடலுக்குத்தான் பொருந்தும். கேமராவை மாற்றினால் ஹவுசிங்கும் வீண்.

எதை வாங்கினாலும் கையில் மாட்டும் கயிறோடு மிதவைப் பிடியும் வாங்குங்கள். இந்தக் கேமராக்கள் மூழ்கும். மூன்று மீட்டர் ஆழத்தில், தாழைக்கு நடுவே, கலங்கல் தண்ணீரில் விழுந்தால் திரும்பக் கிடைப்பது அதிர்ஷ்டம். ஐந்நூறு ரூபாய்ச் சாமான்.

4. விளக்கும் ஃபில்டரும்: இங்கேதான் பணம் வீணாகிறது

கடைகளில் முதலில் காட்டுவது சிவப்பு ஃபில்டர். தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பு நிறத்தைத்தான், ஐந்து மீட்டர் போவதற்குள் பெரும்பகுதி போய்விடும், அதை ஈடுசெய்யத்தான் இந்த ஃபில்டர். ஆனால் அது நீலத் தண்ணீருக்கு. பச்சைத் தண்ணீருக்கு மெஜந்தா நிறத்தில் தனியாக ஒன்று உண்டு. நாம் இறங்குவதோ இரண்டு மூன்று மீட்டர், அந்த ஆழத்தில் எந்த ஃபில்டரும் இருக்கிற வெளிச்சத்தையும் குறைக்கும். அதற்குப் பதிலாக, இறங்கியவுடன் வெள்ளை மணலையோ ஒரு வெள்ளைப் பலகையையோ காட்டிக் கேமராவில் வெள்ளைச் சமநிலையை (எது வெள்ளை என்று கேமராவுக்குச் சொல்லும் ஒயிட் பேலன்ஸ்) வைத்துக்கொள்ளுங்கள். ஆழம் மாறினால் திரும்பவும் வையுங்கள். செலவு ஒன்றுமில்லை.

கேமராவோடு வரும் ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். லென்ஸுக்கும் மீனுக்கும் நடுவில் மிதக்கும் துகள்கள் மீது நேராக வெளிச்சம் பட்டு, படம் முழுக்க வெள்ளைப் புள்ளியாகத் தெறிக்கும். ஸ்ட்ரோப் எனப்படும் தனி ஃபிளாஷை நீண்ட கையில் மாட்டிப் பக்கவாட்டிலிருந்து அடித்தால் இது குறையும். நல்ல ஸ்ட்ரோப் ஒன்றே முப்பது நாற்பது ஆயிரம் கேட்கும். முதல் வருடத்துக்குத் தேவையில்லை. காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை சூரியன் நன்றாக உள்ளே இறங்கும், காற்றும் அப்போது கிளம்பியிருக்காது. அந்த இரண்டு மணி நேரம்தான் உங்கள் ஸ்ட்ரோப்.

பாறை இடுக்கில் பார்க்க ஒரு சிறு டைவிங் டார்ச் இருந்தால் நல்லது. பெட்டியில் போட்டிருக்கும் லூமன் (வெளிச்ச அளவு) கணக்கை நம்பி வாங்காதீர்கள், மலிவு விளக்குகளில் அது பெரும்பாலும் மிகைப்படுத்திய கணக்கு.

5. பில், சுங்கம், வாரண்டி

ஹவுசிங், போர்ட் போன்றவை நம் ஊர்க் கடையில் கிடைக்காது. மதுரை, சென்னையிலும் பெரும்பாலும் ஆர்டர் போட்டு வரவழைப்பதுதான். வெளிநாட்டிலிருந்து கூரியரில் வரவழைத்தால் பொருள் விலையோடு அனுப்பும் கட்டணத்தையும் சேர்த்து, அந்த மொத்தத்தின் மேல் சுங்க வரி போடுவார்கள், அதன் மேல் ஜிஎஸ்டி. கூரியர் நிறுவனத்தின் கையாளும் கட்டணம் தனி. நான் பொருள் விலையை மட்டும் பார்த்துப் பணம் ஒதுக்கியிருந்தேன், கடைசியில் கடன் வாங்கித்தான் பார்சலை எடுத்தேன். பார்சல் வருவதற்கு முன்பே ஆதார், பான் நகல்களைத் தயாராக வைத்திருங்கள், அடையாளச் சான்று கேட்பார்கள். ஆதாரில் பழைய முகவரி இருந்ததால் என் பார்சல் பன்னிரண்டு நாள் நின்றது. ஆர்டர் போடுவதற்கு முன் முகவரியைச் சரிபாருங்கள்.

பில்லில் கேமராவின் வரிசை எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மூன்று இடத்தில் அது தேவைப்படும்: வாரண்டிக்கு, வெளிநாட்டுப் பயணத்திலிருந்து திரும்பும்போது இது முன்பே இங்கு வாங்கியது என்று காட்ட, அப்புறம் கடற்கரையில் யாராவது கேட்டால் காட்ட. வாரண்டியைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். தண்ணீர் தாங்கும் கேமராவாக இருந்தாலும், தண்ணீர் புகுந்து கெட்டுப்போனால் பல நிறுவனங்கள் அதைப் பயன்படுத்தியவரின் கவனக்குறைவு என்று சொல்லி ஒதுக்கிவிடும். இன்சூரன்ஸ் எடுக்கிறவர்கள் கடல் நீரால் வரும் சேதம் அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள், வாய்வார்த்தை பின்னால் நிற்காது.

6. ஓ-ரிங்

என் கேமராவைக் கொன்றது ஒரு தலைமுடி. ஹவுசிங்கின் கதவைச் சுற்றி இருக்கும் ரப்பர் வளையம்தான் ஓ-ரிங். அதில் ஒரு முடி, ஒரு மணல் துகள், துணியின் ஒரு நூல் இருந்தாலும் தண்ணீர் உள்ளே வரும். நான் படகில் உட்கார்ந்து, ஈரக் கையோடு, அவசரமாகப் பேட்டரி மாற்றினேன். பத்து நிமிடத்தில் திரை மினுங்கி அணைந்தது. கரைக்கு வந்து திறந்தபோது அந்த ஒற்றை முடி வளையத்தின் குறுக்கே ஒட்டியிருந்தது. அன்றிலிருந்து கேமராவை வீட்டில்தான் மூடுகிறேன். கடலில் திறப்பதே இல்லை, பேட்டரி தீர்ந்தால் அன்றைய வேலை முடிந்தது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். கையை சோப்புப் போட்டுக் கழுவித் துடையுங்கள். தலையில் எண்ணெய் வைத்திருந்தால் துண்டு கட்டிக்கொள்ளுங்கள். வளையத்தைக் கூரான எதனாலும் நெம்பாமல் விரலால் அழுத்தித் தள்ளி எடுங்கள். நூல் உதிராத துணியால் வளையத்தையும் பள்ளத்தையும் துடையுங்கள். விரலில் வளையத்தைச் சுற்றி ஓட்டிப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியாத மண்ணும் விரலுக்குத் தட்டுப்படும். பிறகு, அந்த நிறுவனம் கொடுத்த கிரீஸ் மட்டும், பளபளப்பு வரும் அளவுக்கு. கிரீஸ் அதிகமானால் அதுவே மணலைப் பிடித்து வைக்கும். தேங்காய் எண்ணெய், வாசலின் தடவச் சொல்லி எனக்கு ஆலோசனை சொன்னவர்கள் உண்டு. தடவாதீர்கள். சில ரப்பர் வகைகள் அதில் ஊறி உப்பிவிடும். ஒரு நிறுவனத்தின் கிரீஸை இன்னொரு நிறுவனத்தின் வளையத்துக்குப் போடுவதிலும் இதே ஆபத்து உண்டு.

புது ஹவுசிங் வந்ததும் உள்ளே கேமராவுக்குப் பதில் ஒரு வெள்ளைக் காகிதத்தை மடித்து வைத்து மூடி, அண்டாவில் தண்ணீர் நிரப்பி அரை மணி நேரம் அமுக்கி வையுங்கள். பட்டன் எல்லாவற்றையும் உள்ளேயே அழுத்திப் பாருங்கள். காகிதம் காய்ந்தபடி வந்தால் முதல் நாள் கடலிலும் அப்படியே வெறும் ஹவுசிங்கைக் கொண்டுபோய் ஒரு முறை மூழ்கி வாருங்கள். அதற்குப் பிறகுதான் கேமரா உள்ளே போக வேண்டும். ஓ-ரிங்கை வருடம் ஒரு முறை மாற்றிவிடுங்கள், கூடுதலாக ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும்.

லென்ஸ் முன் ஆவி படிவது நம் ஊர்ப் புழுக்கத்தில் பெரிய தொல்லை. ஈரக்காற்றை உள்ளே வைத்து மூடுவதால் வருவது. முந்தைய இரவே ஏசி ஓடும் அறையில் மூடி, உள்ளே ஈரத்தை உறிஞ்சும் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலத்தை ஓ-ரிங்கில் சிக்காத இடத்தில் வையுங்கள். படகில் ஹவுசிங்கை வெயிலில் வைக்காதீர்கள், ஈரத்துணி போட்டு நிழலில் வையுங்கள்.

7. எங்கே இறங்கலாம், எங்கே கூடாது

மன்னார் வளைகுடாவில் உள்ள 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் 1986-லிருந்து கடல்சார் தேசியப் பூங்கா. படகுக்காரர் "நான் கூட்டிட்டுப் போறேன்" என்று சொன்னாலும் அனுமதி இல்லாமல் தீவுப் பக்கம் போகாதீர்கள். மாட்டினால் உங்களோடு அவருடைய படகும் பிழைப்பும் போகும். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன்படி பூங்காவுக்குள் புகைப்படம் எடுக்க அனுமதி கேட்க வழி இருக்கிறது. இராமநாதபுரத்தில் உள்ள வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்தில் நேரில் போய்க் கேளுங்கள். ஆதார் நகல், எதற்காக எடுக்கிறீர்கள் என்ற விளக்கக் கடிதம், போகும் இடம், தேதி, உடன் வருகிறவர்களின் பெயர், கேமராவின் விவரம் எல்லாவற்றையும் முதல் முறையே எழுதிக் கொண்டுபோனால் அலைச்சல் குறையும். வாரக் கணக்கில் அல்ல, மாதக் கணக்கில் நேரம் ஒதுக்குங்கள். கொடுத்த கடிதத்தின் நகலில் முத்திரையோடு கையொப்பம் வாங்காமல் திரும்பாதீர்கள். நான் வாங்காமல் வந்து, இரண்டு மாதம் கழித்து முதலிலிருந்து தொடங்கினேன்.

ஆரம்பத்தில் அனுமதிக்கு அலைய வேண்டிய அவசியமே இல்லை. பிரப்பன்வலசையில் வடகடலில் ஸ்நார்க்கலிங் கூட்டிப்போகிறார்கள். இராமேசுவரத்தில் ஓலைக்குடாப் பக்கம் கரையிலிருந்து கிட்டத்திலேயே பாறை இருக்கிறது. குருசடைத் தீவை வனத்துறையே நடத்தும் படகுச் சுற்றுலாவில் பார்க்கலாம், அது சுற்றிப் பார்ப்பதற்கு, தண்ணீரில் இறங்குவதற்கு அல்ல. அரிச்சல்முனையிலும் பாம்பன் கால்வாய்ப் பக்கமும் இறங்கவே இறங்காதீர்கள். நீரோட்டம் ஆளை இழுத்துக்கொண்டு போய்விடும். கடல் எல்லைக் கோடு இங்கே கிட்டத்தில் இருப்பதால் கடலோரப் போலீசார் விசாரிப்பது வழக்கமான விஷயம், அடையாள அட்டையும் கேமரா பில்லின் நகலும் தண்ணீர் புகாத உறையில் இருக்கட்டும். உச்சிப்புளியில் கடற்படை விமான தளம் இருக்கிறது, அதனால் ட்ரோனைப் பையில்கூட எடுத்து வராதீர்கள்.

பவளத்தைத் தொடாதீர்கள், உடைந்து கிடக்கும் துண்டையும் எடுக்காதீர்கள். கடல் அட்டையையும் கடல் குதிரையையும் படத்துக்காகக் கையில் எடுத்து வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இவை எல்லாம் சட்டப் பாதுகாப்புள்ள உயிர்கள், கையில் வைத்திருப்பதே குற்றம். அதைவிட, ஏற்கெனவே கடல் சூடேறியதால் வெளுத்து நொந்து கிடக்கும் பாறைகள் இவை. ஒரு கால் பட்டால் உடைவது திரும்ப வளர எத்தனையோ வருடம் ஆகும்.

8. முதல் நாள்

படகிலிருந்து கேமராவோடு குதிக்காதீர்கள். நீங்கள் இறங்கிய பிறகு மேலிருந்து வாங்கிக்கொள்ளுங்கள், குதிக்கும்போது விழும் அடியில் சீல் விட்டுப்போகும். உள்ளே போனதும் ஹவுசிங்கைப் பார்த்தபடி ஒரு நிமிடம் நில்லுங்கள். சின்னக் குமிழி தொடர்ந்து வந்தால் உடனே மேலே.

ஒரு முழத்துக்குள் வராத எதையும் எடுக்காதீர்கள். இதுதான் நான் மூன்று வருடத்தில் கற்றதில் பெரியது. தூரம் கூடக் கூட நடுவில் உள்ள கலங்கலும் கூடும், எவ்வளவு விலை கொடுத்த லென்ஸும் அதைத் தாண்டாது. துரத்தாமல் ஒரே இடத்தில் அசையாமல் மிதந்தால் ஐந்து நிமிடத்தில் மீன்கள் தாமாகவே கிட்டே வரும். காலை அடித்து மண்ணைக் கிளப்பாதீர்கள், கிளம்பினால் அது அடங்கும் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

தனியாக இறங்காதீர்கள். கரையிலோ படகிலோ உங்களையே பார்த்துக்கொண்டு ஓர் ஆள் இருக்க வேண்டும்.

9. கரையேறியதும்

உப்பு காய்வதற்குள் நல்ல தண்ணீரில் முக்க வேண்டும். நம் கரையில் ஆழ்குழாய்த் தண்ணீர் பெரும்பாலும் உப்பு, அதில் கழுவிவிட்டுக் கழுவிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், நான்கு மாதத்தில் பட்டன்கள் இறுகிப்போயின. இருபது லிட்டர் குடிநீர்க் கேன் ஒன்றை வண்டியில் வைத்திருங்கள். மூடிய நிலையிலேயே வாளியில் அரை மணி நேரம் ஊறவிட்டு, ஒவ்வொரு பட்டனையும் பத்து முறை அழுத்துங்கள். நிழலில் காயவிட்டு, முழுக்கக் காய்ந்த பிறகுதான் கதவைத் திறக்க வேண்டும். திறக்கும்போது கதவு கீழ்ப்பக்கம் பார்த்தபடி இருக்கட்டும், ஒட்டியிருக்கும் துளி உள்ளே விழாமல் வெளியே விழும்.

தண்ணீர் புகுந்துவிட்டது என்று தெரிந்தால் இயங்குகிறதா என்று ஆன் செய்து பார்க்காதீர்கள். பேட்டரியையும் மெமரி கார்டையும் உடனே கழற்றுங்கள், நனைந்த பேட்டரியை வீட்டுக்குள் வைக்காதீர்கள், திரும்ப சார்ஜ் போடவும் வேண்டாம். கார்டை நல்ல தண்ணீரில் அலசிக் காயவைத்தால் படங்கள் பெரும்பாலும் பிழைக்கும், எனக்குப் பிழைத்தன. அரிசி மூட்டையில் புதைப்பதால் உப்பு போகாது, பழுது பார்க்கிறவரிடம் போகும் நேரம்தான் வீணாகும். ஹவுசிங்கைச் சர்வீசுக்கு அனுப்பினால் உதிரிபாகம் வெளியிலிருந்து வர வாரக்கணக்கில் ஆகும், அதனால் மழை தொடங்கி இரண்டு கடலும் கலங்கிக் கிடக்கும் நவம்பரில் அனுப்பிவிடுங்கள், மார்ச்சுக்குள் கைக்கு வந்துவிடும்.